‘பஸ்ஸில் தொற்றியிருக்கும்’ என்றாள்

பஸ்ஸில் என்று அவள் ஏன் சொன்னாள்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. அவளிடமே கேட்டுவிடலாம். கிழமைக்கு ஒரு தடவையாவது தொலைபேசியில் கதைக்கிறோம். சமையல், பிள்ளைகளின் பல், ஊர்க் கடிதம் எல்லாம் கதைப்போம். இதை மட்டும் கேட்க முடியவில்லை.

நடந்தது எண்பத்தாறாம் ஆண்டு மாசி, பங்குனி மாதங்களில், டென்மார்க்கின் ஓகூஸ் நகரத்தில். நாங்கள் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. நகரின் மேற்குப் புறத்தில் ஒரே மாதிரிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. கணவருக்கு ஒரு தொழிற்சாலையில் கிழமைக்குக் கிழமை மாறும் வேலை நேரம். மகளுக்கு அப்போது நான்கு வயது. காலையில் அவளைப் போர்னஹேவவில் விட்டுவிட்டு நான் மொழிப் பள்ளிக்குப் போவேன். போர்னஹேவ என்பது பள்ளி வயது வராத பிள்ளைகள் பகலில் இருக்கும் இடம்.

நான் ஊரில் உயர்தரம் விஞ்ஞானப் பிரிவில் படித்தவள். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்திருந்ததால் டெனிஷ் சற்றுச் சீக்கிரம் பிடிபட்டது. அதனால் எங்கள் பெண்கள் டொக்டரிடம் போகும்போது மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். நான் மறுப்பதில்லை. பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் முதல் நாளே அகராதியைத் திறந்து உடல் உறுப்புகளின் பெயர்களைப் பாடமாக்கிக்கொண்டு போவேன்.

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை போர்னஹேவ வாசலில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. அதில் ஒரு பிள்ளையின் முகத்தைக் கீறி, சிவப்புப் பேனாவால் புள்ளிகள் வைத்திருந்தார்கள். வாய் சிரித்துக்கொண்டிருந்தது. ‘எங்களிடம் கொப்புளிப்பான் வந்திருக்கிறது’ என்று கீழே எழுதியிருந்தது. எங்கள் ஊரில் கொப்புளிப்பான், அதாவது சின்னம்மை, வந்தால் அம்மாள் வந்திருக்கிறா என்று வீட்டில் வேப்பிலை தொங்கும். அதைக் கண்டால் தபால்காரர் கூடப் படலையோடு நின்று கடிதத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார். இங்கே சிரிக்கிற முகம்.

நான் மகளை உள்ளே விடாமல் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் அங்கே பொறுப்பாக இருந்த பெண் தொலைபேசியில் கூப்பிட்டு, பிள்ளைக்கு என்ன என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். வீட்டில் வைத்துப் பயனில்லை, எப்படியும் வரத்தான் போகிறது, சின்ன வயதில் வந்து முடிவதுதான் நல்லது என்றார். பயந்தவர்களை ஆற்றுகிற குரலில் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு அடுத்த நாள் கொண்டுபோய் விட்டேன். எனக்குச் சரியென்று பட்டதால் அல்ல. பொறுப்பில் இருக்கிறவர்கள் சொன்னதை மறுத்துப் பழக்கமில்லை.

இரண்டு கிழமையில் மகளுக்கு வந்துவிட்டது. முதலில் காதுக்குப் பின்னால் ஒன்று, பிறகு முதுகு, வயிறு, தலைமயிருக்குள். டொக்டரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நகத்தை வெட்டுங்கள், கடித்து அரிக்கிற இடத்தில் ஒரு வெள்ளைப் பூச்சு மருந்து போடுங்கள், இங்கே கொண்டுவர வேண்டாம் என்றார்கள். அவ்வளவுதான்.

எனக்கு அது போதவில்லை. ஊரில் செய்கிறபடி செய்யத் தொடங்கினேன். வீட்டில் மீன் இறைச்சி சமைக்கவில்லை. ஒருவரையும் வரவேண்டாம் என்றேன். மகளுக்கு மஞ்சள் பூசினேன். வேப்பிலைக்குத்தான் வழியில்லை.

“வேப்பமரமே இல்லாத நாட்டுக்கு அம்மாள் என்னெண்டு வழி கண்டுபிடிச்சு வந்தவ?” என்று கணவர் கேட்டார்.

“பகிடி விடாதையுங்கோ” என்றேன்.

“பகிடியில்லை. எங்களை மாதிரிக் கிழக்கு ஜேர்மனிக்கால வந்திருப்பா” என்றார்.

சொன்னாலும், பின்னேரம் கட்டடத்துக்குப் பின்னால் போய், பனிப் பாரத்தில் முறிந்து கிடந்த ஊசியிலை மரக் கொப்பு ஒன்றை எடுத்துவந்து கதவில் கட்டியவர் அவர்தான். “பச்சையா இருக்கு, அவ கண்டுகொள்ளுவா” என்றார்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை அழைப்புமணி அடித்தது. கீழ்வீட்டு டெனிஷ் பெண். நூலகத்தில் வேலை செய்பவர். படியில் கண்டால் தலையசைப்போம், அதற்கு மேல் பழக்கமில்லை. இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, தட்டில் ஒரு கேக்கோடு நின்றார். உங்கள் மகளுக்குக் கொப்புளிப்பான் என்று கேள்விப்பட்டேன், என் பிள்ளைகள் கொஞ்ச நேரம் அவளோடு விளையாடலாமா என்று கேட்டார். ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னால் அவர்களுக்கும் வந்து முடிந்துவிட்டால் வசதியாம்.

நான் கேட்டதைச் சரியாகத்தான் விளங்கினேனா என்று இரண்டு தடவை கேட்டேன். சரியாகத்தான் விளங்கியிருந்தேன். ஒரு தாய் தன் பிள்ளைகளைக் கொண்டுவந்து நோயைக் கேட்கிறாள், கேக்கும் தருகிறாள். கதவைச் சாத்துவது மரியாதையில்லை. உள்ளே விட்டேன்.

மகளைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது. பிள்ளை மஞ்சளாக இருக்கிறதே, ஈரலில் ஏதும் வருத்தமா என்று கேட்டார். மஞ்சள் போத்தலைக் காட்டிய பிறகுதான் கதிரையில் இருந்தார். பிள்ளைகள் ஒரே கிண்ணத்தில் ஜூஸ் குடித்தார்கள். என் மகள் குடித்து மிச்சம் வைத்ததைத் தன் சின்ன மகனிடம் கொடுத்து, “இதையும் குடி” என்றார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

போகும்போது கதவில் இருந்த கொப்பைப் பார்த்து, இது ஈஸ்டருக்கா என்று கேட்டார். இல்லை, இந்த வீட்டில் நோய் இருக்கிறது, வரவேண்டாம் என்று மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பியதுபோல் கேட்டார்: “யாரை வரவேண்டாம் என்கிறீர்கள்? பெரியவர்கள் எல்லாருக்கும் சின்னதிலேயே வந்து போயிருக்குமே.”

கேக்குக்கு நன்றி சொல்லி அவர்களை அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு யோசித்தேன். கிருமி என்றால் என்ன, எதிர்ப்புச் சக்தி என்றால் என்ன என்று பரீட்சையில் எழுதியவள் நான். ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்பது எனக்குத் தெரியாததல்ல. பிறகு எதற்கு இந்தக் கொப்பு? படித்த பெண், ஐரோப்பாவுக்கு வந்தும் கதவில் குழை கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. கதிரையை வைத்து ஏறிக் கொப்பை அவிழ்த்துக் குப்பையில் போட்டேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை காலை அவள் தொலைபேசி எடுத்தாள்.

அவள் மன்னார்ப் பக்கத்துப் பெண். கத்தோலிக்கப் பெண், இருபத்திரண்டு வயது. மொழிப் பள்ளியில் என் பக்கத்து வாங்கில் இருப்பவள். என்னை அக்கா என்பாள், நான் தங்கச்சி என்பேன். அப்போது அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றில், பிறக்க இன்னும் மூன்று கிழமை இருந்தது. அவளுடைய கணவர் கவனமான மனிதர். பாதையெல்லாம் பனிக்கட்டி, வழுக்கி விழுந்துவிடுவாள் என்று, தான் இல்லாமல் வெளியே இறங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அந்தக் கிழமையோடு வகுப்பையும் நிறுத்தியிருந்தாள். அன்று அவருக்குச் சனிக்கிழமை வேலை.

“அக்கா, நாலு சுவரையும் பாத்துப் பாத்து எனக்கு விசர் பிடிக்குது. அங்கை வரட்டோ?” என்றாள்.

“பிள்ளைக்குக் கொப்புளிப்பான்” என்றேன்.

“ஐயோ. அப்ப வேண்டாமென்ன?”

இந்த இடத்தில் ‘ஓம், வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. பிள்ளைத்தாச்சி அம்மாள் வந்த வீட்டுப் படலையைக்கூடத் தாண்டக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் முதல் நாள் பட்ட வெட்கம் இன்னும் ஆறவில்லை.

“இஞ்சை அதை ஆரும் வருத்தமெண்டே பாக்கினமில்லை. நேற்றுக் கீழ்வீட்டுக்காரி கேக்கோட பிள்ளையளைக் கொண்டுவந்து தொத்த வைச்சுக்கொண்டு போறா” என்றேன்.

அவள் சிரித்தாள். “உண்மையோ? கேக்குக்குப் பதிலாக் கொப்புளிப்பானோ?”

“உமக்குச் சின்னனில வந்ததுதானே?”

“வந்திருக்கும் அக்கா. எங்கட வீட்டில ஒருக்கா எல்லாருக்கும் வந்ததெண்டு அம்மா சொல்லுறவ. நானும் அதுக்குள்ள இருந்திருப்பன்.”

“அப்ப வாரும்” என்றேன்.

பஸ் ஏறி வந்தாள். இடியப்பமும் சொதியும் செய்து வைத்திருந்தேன். செற்றியில் சாய்ந்திருந்து சாப்பிட்டாள். மகள் அவளோடு ஒட்டிக்கொண்டு, வயிற்றில் காதை வைத்து, உள்ளே இருக்கிற பிள்ளை டெனிஷ் கதைக்குமா தமிழ் கதைக்குமா என்று கேட்டாள். “சத்தம் போடாதை, அது நித்திரை” என்று இவள் மகளின் தலையைத் தடவினாள். மகளின் கழுத்தில் சில கொப்புளங்கள் காய்ந்திருந்தன, சிலவற்றில் இன்னும் நீர் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். மகளை எழுப்பிவிடலாமா என்று நினைத்தேன். அப்படிச் செய்தால் ஏன் என்று சொல்ல வேண்டும், சொன்னால் காலையில் சொன்னது பொய்யாகும். தேத்தண்ணீர் போட எழும்பிப் போனேன்.

போகும்போது சப்பாத்துக் கயிற்றைக் கட்ட அவளால் குனிய முடியவில்லை. நான்தான் கட்டிவிட்டேன். அப்போது சொன்னாள்: “இவரிட்டைச் சொல்லிப்போடாதையுங்கோ அக்கா. பனிக்குள்ள தனிய வந்தனான் எண்டு தெரிஞ்சால் எனக்குப் பேச்சு விழும்.”

“நான் ஏன் சொல்லப்போறன்?” என்றேன்.

பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை அவளுடைய கணவர் தொலைபேசி எடுத்தார். “அக்கா, இவவுக்குக் கடும் காய்ச்சல். உடம்பெல்லாம் கொப்புளம் போட்டிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொல்லுகினம். நீங்கள் ஒருக்கா வரேலுமோ?” என்றார். என்னைவிட வயதில் மூத்தவர். மனைவி அழைக்கிறபடி அக்கா என்பார்.

போனேன். அகராதி கொண்டுபோக நினைவு வரவில்லை.

அவளை மற்ற நோயாளிகள் பக்கம் விடவில்லை. தனி வாசலால் கொண்டுபோய், இரண்டு கதவு உள்ள தனி அறையில் வைத்திருந்தார்கள். உள்ளே போகிற எல்லாருக்கும் முகமூடி. உனக்கு இந்த நோய் வந்ததா என்று வாசலில் என்னைக் கேட்டார்கள். ஒன்பது வயதில் வந்தது என்றேன். அவளுடைய கணவரும் தனக்கு வந்தது என்று சொன்னார்.

கொப்புளங்கள் அவளுடைய கண் இமையிலும் உதட்டிலும் இருந்தன. மகளுக்கு வந்ததைப் போல் இருக்கவில்லை, நெருக்கமாக இருந்தன. மூச்சு விட இடையில் நின்று நின்று கதைத்தாள். டொக்டர் ஒரு இளம் பெண். நிதானமாக, சின்னச் சின்ன வசனமாகச் சொன்னார், நானும் அப்படியே தமிழில் சொன்னேன். வளர்ந்தவர்களுக்கு இது சில நேரம் நெஞ்சுக்குள் இறங்கும். கர்ப்பிணிக்கு அந்த ஆபத்து கூட. பிள்ளை இப்போதே பிறந்தால், தாயின் உடம்பில் இன்னும் எதிர்ப்புச் சக்தி உண்டாகவில்லை, நோய் மட்டும் பிள்ளைக்குப் போகும், பாதுகாப்புப் போகாது. சில நாள் தள்ளிப் பிறந்தால் நல்லது. தாய்க்கோ பிள்ளைக்கோ நிச்சயமாக ஒன்றும் ஆகாது என்று சொல்ல முடியாது.

கடைசி வசனத்தையும் மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கிறவள் ஒன்றையும் விடக்கூடாது.

பிறகு டொக்டர் கேட்டார்: கடந்த மூன்று கிழமைக்குள் இந்த நோய் உள்ள யாரோடாவது இருந்தாரா?

நான் தமிழில் கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அவள் என்னைப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே என் கண் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் சொல்லப்போகிற பதிலுக்கான டெனிஷ் வசனம் என்னிடம் ஆயத்தமாக இருந்தது. என் வீட்டில், என் மகளிடமிருந்து.

“பஸ்ஸில” என்றாள். மூச்சை இழுத்து, மறுபடி சொன்னாள். “வகுப்புக்குப் போய்வாற பஸ்ஸில தொத்தியிருக்கும் எண்டு சொல்லுங்கோ அக்கா.”

நான் சொன்னேன். டொக்டர் எழுதிக்கொண்டார். எந்த நாள் என்று தெரியுமா என்று கேட்டார். கேட்டேன். “நினைவில்லை” என்றாள். அதையும் சொன்னேன். நாளும் எனக்குத் தெரியும், மணியும் தெரியும். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரியான மொழிபெயர்ப்பு.

அடுத்த நாள் திங்கட்கிழமை மதியம் பிள்ளை பிறந்துவிட்டது. தள்ளிப்போக விட அவர்களால் முடியவில்லை. பெண் பிள்ளை. தாயிடம் ஒரு தடவை தூரத்தில் வைத்துக் காட்டிவிட்டு, உடனே வேறு பகுதிக்குக் கொண்டுபோய் ஒரு ஊசி போட்டார்கள். மற்றவர்களுடைய இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புச் சக்தி என்று விளக்கினார்கள். அன்று பின்னேரம் இவளுக்கு மூச்சு இன்னும் மோசமானது. ஒட்சிசன் வைத்தார்கள்.

அந்தப் பின்னேரம் நான் நடைபாதையில் டொக்டரை நிறுத்தி, பஸ்ஸில் இல்லை, என் வீட்டில், இந்த நாள், இவ்வளவு நேரம் என்று சொன்னேன். அவர் நாளை எண்ணிப் பார்த்தார். பொருந்துகிறது என்றார். சிகிச்சையில் இதனால் மாற்றமில்லை, ஆனால் சொன்னது நல்லது என்றார். வேறு யாராவது வந்தார்களா என்று கேட்டார். கீழ்வீட்டுப் பிள்ளைகள் என்றேன். அதற்கு அவர் கையை அசைத்தார். எங்கள் ஆட்கள் யாரும் வந்தார்களா என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அப்போதுதான் அவர் எனக்கு ஒன்றை விளக்கினார். இந்தக் குளிர்காலத்தில் உங்கள் நாட்டு இளைஞர்கள் பலர் இதே நோயோடு இங்கே வந்திருக்கிறார்கள். டென்மார்க்கில் வளர்ந்தவர்களில் இந்த வயதுவரை கொப்புளிப்பான் வராதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் பக்கத்து நாடுகளில் அப்படியில்லை, பலர் வராமலே பெரியவர்களாகிவிடுகிறார்கள்.

கீழ்வீட்டுப் பெண் ‘யாரை வரவேண்டாம் என்கிறீர்கள்’ என்று கேட்டபோது என்னிடம் இல்லாத பதில் இதுதான். அவர் சொன்னது அவருடைய ஊருக்கு முழுக்கச் சரி. எங்கள் ஊரில் இலை கட்டுவதும் எங்கள் ஊருக்குச் சரி. நான் அவருடைய ஊரின் தைரியத்தை எடுத்து எங்கள் ஊர்ப் பெண்ணுக்குக் கொடுத்தேன்.

இதைத் தான் அவர்களிடம் சொல்லப்போவதில்லை என்று டொக்டர் சொன்னார். அது உங்களுடைய விஷயம் என்றார்.

ஐந்து நாள் அவள் ஒட்சிசனில் இருந்தாள். அந்த ஐந்து நாளும் நான் மகளைக் கீழ்வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவருடைய பிள்ளைகளுக்கும் வந்திருந்தது. அவர் விரும்பியபடியே ஈஸ்டருக்கு முன்னால் முடிந்தது. இரண்டும் புள்ளிகளோடு படியில் ஓடித் திரிந்தன.

பிள்ளை இருந்த பகுதித் தாதிகள் உடனே படம் வருகிற கமராவால் தினமும் ஒரு படம் எடுத்து, தாயின் கட்டிலுக்கு மேலே ஒட்டிவிடுவார்கள். அவள் அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான்காம் நாள், “மூக்கு இவரைப் போல என்ன அக்கா?” என்று கேட்டாள். ஓம் என்றேன். அதுதான் அவள் நோயைப் பற்றி இல்லாமல் கதைத்த முதல் வசனம். எழும்பி வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பிள்ளைக்குப் பத்தாம் நாள் நெற்றியில் மூன்றும் முதுகில் சிலவும் வந்தன. அதற்கு மேல் வரவில்லை. ஊசி வேலை செய்துவிட்டது என்றார்கள். தாய் பிள்ளையை முதன்முதலில் கையில் வாங்கியபோது பிள்ளை பிறந்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. பால் நின்றுவிட்டிருந்தது. போத்தல் பால்தான்.

சித்திரையில் அவளுடைய தாயிடமிருந்து கடிதம் வந்தது. தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். வீட்டில் எல்லாருக்கும் கொப்புளிப்பான் வந்த காலத்தில் அவளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். “நான் அதுக்குள்ள இருக்கேல்லை அக்கா” என்றாள். என் பிழை என்று நான் சொல்வதற்கு அதுதான் நேரம். பிள்ளை அழுகிறாள் என்று அவள் வைத்துவிட்டாள். பிள்ளையின் அழுகை எனக்குக் கேட்கவில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால், நல்லபடியாக நடந்த ஒரு பழைய கதை என்று விட்டிருப்பேன். ஆனால் அந்த ஒரு பதில் அவளுடைய வீட்டில் தங்கிவிட்டது. அவளுடைய கணவர் அதை நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்கு என்ன காரணம்? டொக்டருக்கு முன்னால் சொன்னது. அன்றிலிருந்து அவளையும் பிள்ளையையும் பஸ் ஏற விடவில்லை. மொழிப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், ஆகவே பள்ளி இல்லை. பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியும் இல்லை. ஏன் பள்ளிக்கு வருவதில்லை என்று நகரசபைப் பெண் தொலைபேசியில் கேட்டபோது, பிள்ளை சின்னது என்று என்னைச் சொல்லச் சொன்னாள். நான் சொன்னேன். என் பக்கத்து வாங்கில் இருந்தவள், வகுப்பில் என்னைவிட வேகமாக உச்சரிப்புப் பிடித்தவள், இன்று கடையில் மாவு எங்கே என்று கேட்பதற்கும் கணவருடன் போகிறாள்.

அவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் அந்த ஐந்து நாளும் கதிரையிலிருந்து எழும்பாமல் இருந்தவர். பனியில் அவளுக்கு முன்னால் நடந்து, தன் சப்பாத்தால் பாதையைச் சோதித்துப் பார்க்கிறவர். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது சொன்னார்: “அக்கா, கிரின்ஸ்டெட் பக்கம் ஒரு தொழிற்சாலையில வேலை சரிவந்திருக்கு. கோடைக்குப் போறம். சின்ன இடம், சனம் குறைவு. பஸ்ஸும் பெரிசா இல்லை. நான் கார் ஓடப் பழகிறன். இனி இவவுக்கு அந்தப் பயம் இல்லை.”

அவள் பிள்ளைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். “அங்கை மொழிப் பள்ளி இருக்கோ?” என்று நான் அவளைப் பார்த்துக் கேட்டேன்.

“இருக்குமாக்கும். தூரமாம்” என்றாள். தலையை நிமிர்த்தவில்லை. ஒரு பொத்தானைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டாள்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாம் சொன்னேன். அவள் அன்று எங்கள் வீட்டுக்கு வந்தது அவருக்கு முதலே தெரியும். “அவவே சொல்லேல்லை, நீர் ஏன் சொல்லோணும்? சொன்னால் அவர் முதலில கேக்கப்போறது, பனிக்குள்ள என்னைக் கேக்காமல் ஏன் போனனீ எண்டுதான். ஒரு வருசமா ஏன் மறைச்சனீ எண்டு அடுத்ததாக் கேப்பார். அதுக்கு அவவுக்கு ஆர் மொழிபெயர்க்கிறது?” என்றார். அவர் சொல்வது சரிபோல் இருந்தது. இரவு யோசித்தால் சரியில்லாமல் இருந்தது. காலையில் மறுபடி சரி.

அவள் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்று சில நாள் நினைக்கிறேன். அப்படியானால் அந்த நன்றிக்கு நான் வாயைத் திறக்க வேண்டும். தன்னைக் காப்பாற்றச் சொன்னாள் என்று வேறு சில நாள் நினைக்கிறேன். அப்படியானால் நான் வாயை மூட வேண்டும். காய்ச்சலில் உண்மையாகவே பஸ் என்று நம்பினாளோ என்றும் ஒரு எண்ணம் உண்டு. அதுதான் எனக்கு மிக வசதியானது, ஆகவே அதை நான் நம்புவதில்லை. எது எப்படியானாலும், அவள் அறியாமல் அவளுடைய கணவரிடம் நானாகப் போய்ச் சொல்வதில்லை என்ற அளவில் மட்டும் தீர்மானித்திருக்கிறேன். அவளோடு கதைப்பதா என்பதில் தீர்மானம் இல்லை.

இந்தச் சஞ்சிகை எங்கள் வீட்டுக்குத்தான் தபாலில் வருகிறது. நான் வாசித்து முடித்ததும் அவளுக்குக் கொடுப்பேன். அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பாள். அவளுடைய கணவர் தொடுவதில்லை. யாருடைய பெயரும் இல்லாவிட்டாலும், இதை வாசித்தால் முதல் வசனத்திலேயே அவளுக்கு விளங்கிவிடும். மற்றவர்களுடைய வார்த்தையை இங்கிருந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதில் நான் பிழை விட்டதில்லை என்று பெயரெடுத்தவள். என்னுடைய ஒரு வசனத்தை என் தோழியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை என்பதை அந்தப் பங்குனிக்குப் பிறகுதான் அறிந்துகொண்டேன். அவர்கள் போக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இதை வாசிக்கிற சகோதரிகளே, இந்த இதழை அவளுடைய கையில் கொடுப்பதா, அல்லது தபாலில் தவறிவிட்டது என்று சொல்வதா? நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.